எத்தனை விமானங்கள் என்று கேட்காதீர்கள்

அமெரிக்காவில் பள்ளி இறுதி வகுப்புகளில் படித்துக்கொண்டு, பட்டப்படிப்போடு சேர்த்தே விமானம் ஓட்டவும் கற்றுக்கொள்ளலாம் என்று திட்டமிடும் தமிழ்ப் பிள்ளைகளுக்கும், அவர்களுக்காகக் கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போடப்போகிற பெற்றோருக்கும் இதை எழுதுகிறேன். 2021 இலையுதிர் பருவத்தில் ஒரு பல்கலைக்கழகத்தின் விமானப் பட்டப்படிப்பில் சேர்ந்தேன். நான்கு ஆண்டில் முடிய வேண்டிய படிப்பு நான்கரை ஆண்டு இழுத்தது. பறப்புக் கட்டணம் என்று முதலில் அவர்கள் காட்டிய தாளில் இருந்த தொகை 68,000 டாலர். நாங்கள் கட்டி முடித்தது 97,000 டாலருக்கும் மேல். கல்லூரிக் கட்டணம், விடுதி, சாப்பாடு எல்லாம் இதற்கு வெளியே. இன்று பயிற்றுநராக வேலை பார்க்கிறேன், பறப்பதும் பிடித்திருக்கிறது. ஆனால் அந்த 29,000 டாலர் எங்கே போனது என்று எனக்கு இப்போது துல்லியமாகத் தெரியும். பதினேழு வயதில் யாராவது சொல்லியிருந்தால் அதில் பெரும்பகுதியைக் காப்பாற்றியிருக்கலாம்.

சொல்வதற்கு ஆள் இல்லை என்பதுதான் சிக்கல். நியூஜெர்சியில் எங்கள் வாரயிறுதிக் கூட்டங்களில் கம்ப்யூட்டர் சயின்ஸுக்கு எந்தக் கல்லூரி நல்லது என்று கேட்டால் ஐந்து மாமாக்கள் ஐந்து பட்டியல் தருவார்கள். மருத்துவம் என்றால் அத்தைகள் தேர்வு வாரியாக வழிகாட்டுவார்கள். நான் பைலட் படிப்பு என்று சொன்னபோது ஒரு மாமா, “ஏர்போர்ட்டில் வேலையா அம்மா? நல்லது, நிரந்தர வேலை” என்றார். அதற்குமேல் யாரிடம் போய்க் கேட்பது? கல்லூரிகளே தரும் வண்ணத் தாள்களைத்தான் நாங்கள் மேசையில் பரப்பி வைத்துக்கொண்டு படித்தோம்.

வளாகங்களைப் பார்க்கப் போனபோது எல்லா இடத்திலும் ஏறத்தாழ ஒரே காட்சிதான். சிமுலேட்டர் அறை, வெயிலில் பளபளக்கும் செஸ்னா 172 வரிசை, தோளில் பட்டை வைத்த வெள்ளைச் சட்டையில் நன்றாகப் பேசத் தெரிந்த மூத்த மாணவர் ஒருவர். அப்பா கேட்ட முதல் கேள்வி, “மொத்தம் எத்தனை விமானங்கள்?” என்பது. பெரிய எண்ணிக்கை ஒன்றைச் சொன்னார்கள். அதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் பயிற்சிக்கு வாடகைக்கு விடும் விமானத்தை 100 மணி நேரப் பறப்புக்கு ஒருமுறை நிறுத்திச் சோதித்தாக வேண்டும் என்பது சட்டம். நாள் முழுவதும் பறக்கும் பள்ளியில் அந்த 100 மணி நேரம் கண் மூடித் திறப்பதற்குள் வந்துவிடும். மெக்கானிக் பற்றாக்குறை இருந்தால் சோதனைக்குப் போன விமானம் வாரக்கணக்கில் ஹேங்கரிலேயே நிற்கும். ஆகவே கேட்க வேண்டியது இதுதான்: போன செமஸ்டரில் ஒரு முதலாண்டு மாணவர் வாரத்துக்குச் சராசரியாக எத்தனை முறை பறந்தார்? சேர்ந்த பிறகும் முதல் பறப்புக்காகக் காத்திருப்போர் பட்டியலில் எத்தனை பேர் இருக்கிறார்கள்? சேர்க்கை அலுவலரிடம் கேட்டால் பொதுவாக ஏதாவது சொல்வார். விமானங்களை ஒதுக்கித் தரும் டிஸ்பேட்ச் மேசைக்குப் பக்கத்தில் கால் மணி நேரம் சும்மா நின்று பாருங்கள். அங்கே ரத்தான பறப்புகளைப் பற்றி மாணவர்கள் புலம்பிக்கொண்டிருப்பார்கள். உண்மையான சேர்க்கைக் கையேடு அந்தப் புலம்பல்தான்.

பறப்புக்கு முன்னால் மருத்துவச் சான்றிதழ். எனக்கு முதல் அடி விழுந்தது இங்கேதான், பாதிப்பும் இதில்தான் அதிகம், ஆகவே விரிவாகச் சொல்கிறேன். ஒன்பதாம் வகுப்பில் கவனம் சிதறுகிறது என்று பள்ளியில் சொன்னார்கள். குழந்தைகள் மருத்துவர் ஏடிஎச்டி என்று எழுதி ஒரு மாத்திரை கொடுத்தார். சில மாதங்கள் சாப்பிட்டேன், பிடிக்கவில்லை, நிறுத்திவிட்டோம். வீட்டில் எல்லோரும் அதை மறந்தே போனோம். அமெரிக்க விமானத் துறையை ஒழுங்குபடுத்தும் எஃப்ஏஏ அமைப்பின் மருத்துவ விண்ணப்பம் இந்தக் குறை இப்போது இருக்கிறதா என்று கேட்பதோடு நிற்பதில்லை, வாழ்நாளில் எப்போதாவது இருந்ததா என்று கேட்கிறது. உள்ளதை எழுதினேன். என்னைப் பரிசோதித்த விமான மருத்துவர் கண், காது, இதயம் எல்லாம் பார்த்து நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு, சான்றிதழை மட்டும் தரவில்லை. கோப்பு ஓக்லஹோமா சிட்டியில் உள்ள எஃப்ஏஏ மருத்துவப் பிரிவுக்குப் போனது. அங்கிருந்து வந்த கடிதம், அவர்கள் ஏற்கும் நரம்பியல் உளவியல் நிபுணரிடம் நீண்ட சோதனை செய்து அறிக்கை அனுப்பச் சொன்னது. காப்பீடு அதற்கு ஒரு டாலர்கூடத் தரவில்லை. 3,400 டாலர் கைக்காசு. என் வகுப்பினர் முதல்முறை தனியாகப் பறந்து, அதைக் கொண்டாடும் வழக்கப்படி சட்டையின் முதுகுத் துணியை வெட்டிச் சுவரில் மாட்டிக்கொண்டிருந்தபோது நான் வானிலைப் பாடம் மட்டும் படித்துக்கொண்டிருந்தேன். முதலாண்டு முழுவதும் அப்படியே போனது. கட்டணம் மட்டும் தவறாமல் போய்க்கொண்டிருந்தது.

இதிலிருந்து சொல்ல வேண்டியவை சில. கல்லூரியைத் தேர்ந்தெடுப்பதற்கு முன்பே, பதினொன்றாம் வகுப்பிலேயே, மருத்துவச் சான்றிதழ் வாங்கிவிடுங்கள். பயிற்சிக்கு ‘தேர்ட் கிளாஸ்’ எனும் மூன்றாம் தரச் சான்றிதழே போதும் என்பார்கள். நீங்கள் முதல் தரத்துக்கே போங்கள், ஏனென்றால் விமான நிறுவனத்தில் கேப்டனாக அதுதான் வேண்டும். அது கிடைக்குமா கிடைக்காதா என்பது லட்சம் டாலர் செலவழித்த பிறகு தெரிய வேண்டிய செய்தி அல்ல. கவனக் குறைபாடு, மனச்சோர்வு, பதற்றம், ஆஸ்துமா, வலிப்பு, சர்க்கரை, இப்படி எதற்காவது எப்போதாவது மருந்து சாப்பிட்டிருந்தால் நேரே பரிசோதனைக்குப் போய் உட்காராதீர்கள். முதலில் ஒரு விமான மருத்துவரிடம் ஆலோசனைக்கு மட்டும் நேரம் வாங்குங்கள், பரிசோதனை அல்ல என்று தொலைபேசியிலேயே தெளிவாகச் சொல்லுங்கள். எஃப்ஏஏவின் மெட்எக்ஸ்பிரஸ் தளத்தில் நிரப்பிய விண்ணப்பத்தின் எண்ணைக் கொடுத்துப் பரிசோதனை தொடங்கிவிட்டால் அதற்கு மூன்றே முடிவுகள்தான்: தருவது, ஒத்திவைப்பது, மறுப்பது. நடுவில் எழுந்து வர முடியாது. ஆலோசனையில் என்னென்ன பழைய ஆவணங்கள் தேவை என்று தெரிந்துகொண்டு, அவற்றைத் திரட்டிய பிறகு போனால் பல மாதங்கள் மிச்சம். ஏடிஎச்டி விஷயத்தில் 2023 முதல் விரைவு வழி ஒன்றும் இருக்கிறது. நான்கு ஆண்டுகளாக மருந்தும் இல்லை, அறிகுறியும் இல்லை என்றால் அதைப் பற்றிக் கேளுங்கள். மறைத்துவிடலாமே என்று உங்களுக்கு ஒருவர் நிச்சயம் யோசனை சொல்வார். பொய் எழுதுவது கூட்டாட்சிக் குற்றம். பிடிபட்டால் உரிமமும் போகும்.

எங்களைப் போலப் பச்சை அட்டைக் குடும்பங்களுக்கு இன்னொரு வரிசையும் உண்டு. குடிமக்கள் பாஸ்போர்ட்டைக் காட்டினால் போதும். பச்சை அட்டைக்காரர்கள் டிஎஸ்ஏ அமைப்பின் பாதுகாப்புச் சரிபார்ப்பை முடித்த பிறகுதான் பயிற்சி தொடங்க முடியும். பெரிய தொல்லை இல்லை, கைரேகையும் கட்டணமும்தான். ஆனால் கல்லூரி நினைவூட்டும் என்று காத்திருக்காமல் கோடையிலேயே தொடங்கிவிடுங்கள்.

ஒருவழியாகச் சான்றிதழ் வந்து, இரண்டாம் ஆண்டில் பறக்கத் தொடங்கினேன். வாரத்துக்கு மூன்று முறை என்பது கால அட்டவணை. ஒன்றில் மேகம் தாழ்ந்திருக்கும், ஒன்றில் விமானம் பழுது, மிச்சம் ஒன்று. அந்த ஒன்றிலும் முதல் அரை மணி நேரம் போன வாரம் கற்றதை மீண்டும் நினைவுக்குக் கொண்டுவரவே போய்விடும். தரையிறங்குவது என்பது கையும் கண்ணும் சேர்ந்து பழகும் வித்தை. இடைவெளி விழுந்தால் பழக்கம் கலைந்துவிடும். கலைந்ததைச் சேர்க்க நீங்கள்தான் பணம் கட்ட வேண்டும். எஞ்சின் ஓடுவதை அளக்கும் ஹாப்ஸ் மீட்டர் ஓடுதளத்தின் முனையில் வரிசையில் காத்திருக்கும்போதும் ஓடுகிறது. எங்கள் பள்ளியில் விமானமும் பயிற்றுநரும் சேர்த்து மணிக்கு 260 டாலர் அளவில் ஆனது. நான் முதலில் புரிந்துகொண்டிருக்க வேண்டிய கணக்கு இது: பாட வரிசைக்கு எஃப்ஏஏ ஒப்புதல் வேண்டிய பார்ட் 141 விதிப்படி நடக்கும் கல்லூரிப் பயிற்சியில், பிரைவேட் பைலட் என்ற முதல் உரிமத்துக்குக் குறைந்தபட்சம் 35 மணி நேரம், அந்தக் கட்டுப்பாடு இல்லாத சாதாரணப் பார்ட் 61 பயிற்சியில் 40. கட்டணத் தாள்கள் பெரும்பாலும் இந்தக் குறைந்தபட்சத்தை ஒட்டியே போடப்படுகின்றன. நான் பார்த்தவரை 35-ல் முடிப்பவர் அபூர்வம், பலர் 60, 70-ஐத் தாண்டித்தான் முடிக்கிறார்கள். எனக்கு 80-ஐத் தாண்டியது. அந்தக் கூடுதல் 45 மணி நேரம் மட்டுமே 12,000 டாலருக்குப் பக்கம். ஆகவே கட்டணத் தாளை நீட்டும்போது, போன ஆண்டு இந்த உரிமத்தை முடித்தவர்களின் சராசரி மணி நேரம் என்ன, சராசரிச் செலவு என்ன என்று கேளுங்கள். எழுத்தில் கேளுங்கள். தரத் தயங்கினால் அதுவும் ஒரு பதில்தான்.

பயிற்றுநர்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள். அவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை, இன்று நானும் அதே நாற்காலியில் இருக்கிறேன். கல்லூரியில் சொல்லித்தருபவர்களில் பெரும்பாலோர் நேற்றைய மாணவர்கள். விமான நிறுவனத்துக்குத் தேவையான மணி நேரங்களைச் சேர்க்கத்தான் சொல்லித்தருகிறார்கள். கோவிட்டுக்குப் பிறகு 2021 முதல் 2023 வரை நிறுவனங்கள் ஆட்களை அள்ளிக்கொண்டிருந்தன. மணி நேரம் நிறைந்த அன்றே பயிற்றுநர் விடைபெற்றுவிடுவார். புதியவர் வந்ததும் என்னை அளந்து பார்க்க ஓரிரு பறப்புகள் எடுத்துக்கொள்வார். முன்னவர் சரி என்றதை இவர் மாற்றச் சொல்வார். பார்ட் 141-ல் பாடங்கள் ஒப்புதல் பெற்ற வரிசையில்தான் நகர வேண்டும். நடுவில் ஸ்டேஜ் செக் என்ற உள்தேர்வு வந்தால், அதை நடத்துபவர் கிடைக்கும் வரை அடுத்த பாடம் இல்லை. திறமை மங்காமலிருக்க மறுபயிற்சிப் பறப்பு வேண்டும். அதற்கும் மீட்டர் ஓடும். இந்தச் சுழலில் மாட்டியிருந்தபோது ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா, “இந்த வாரமாவது பறந்தாயா கண்ணு?” என்று கேட்டார். “மழை அப்பா” என்றேன். அவர் அங்கே வானிலையைப் பார்த்துவிட்டுத்தான் அழைத்திருக்கிறார் என்பது பிறகு தெரிந்தது. கல்லூரி இருந்த ஊரில் மூன்று நாளாக நல்ல வெயில். அவர் எதுவும் சொல்லவில்லை. முன்பணம் போட்டுவைக்கும் பறப்புக் கணக்கில் இருப்பு ஒரு அளவுக்குக் கீழே போனால் அட்டவணை தானாகப் பூட்டிக்கொள்ளும், அந்த வாரம் அது பூட்டியிருந்தது என்று அவரிடம் எப்படிச் சொல்வது?

முடிவுத் தேர்வான செக்ரைடுக்கு எஃப்ஏஏ நியமித்த வெளித் தேர்வாளர் வேண்டும். அவர்கள் எண்ணிக்கை குறைவு, கட்டணம் 800 டாலரிலிருந்து ஆயிரத்தைத் தாண்டியும் போகும், தேதி கிடைப்பது லாட்டரி. சில பார்ட் 141 பள்ளிகளுக்குத் தாங்களே இறுதித் தேர்வை நடத்தும் அதிகாரத்தை எஃப்ஏஏ கொடுத்திருக்கிறது. எந்தெந்தப் பாடத்துக்கு அந்த அதிகாரம் இருக்கிறது என்பது நீங்கள் கேட்கக்கூடிய கேள்விகளில் மிகக் கூர்மையானது. பளபளப்பான சிமுலேட்டரைவிட இது உங்களுக்கு அதிக மாதங்களை மிச்சப்படுத்தும்.

இவ்வளவும் பட்டுக்கொண்டு கல்லூரி எதற்கு என்று கேட்கலாம். விற்பனைப் பேச்சில் முதலில் வருவது 1,000 மணி நேரச் சலுகை. 2009 பிப்ரவரியில் பஃபலோ அருகே கோல்கன் ஏர் 3407 விபத்தில் 50 பேர் இறந்த பிறகு, 2010-ல் நாடாளுமன்றம் சட்டம் கொண்டுவந்தது. 2013 முதல் விமான நிறுவனத்தில் துணை விமானிக்கும் 1,500 மணி நேரம் தேவை என்றானது. அங்கீகாரம் பெற்ற கல்லூரியில் விமானப் பாடங்களில் 60 கிரெடிட் எடுத்து இளங்கலை முடித்தால் 1,000 போதும். 30 கிரெடிட்டோ இரண்டாண்டுப் பட்டமோ என்றால் 1,250. உண்மையான சலுகைதான். ஆனால் அதன் விலையைக் கணக்குப் போடுங்கள். ஓய்வில்லாமல் சொல்லித்தரும் பயிற்றுநர் மாதம் 60 முதல் 80 மணி நேரம் பறப்பார். ஆக, 500 மணி நேரச் சலுகை என்பது ஏழெட்டு மாதங்கள். என் படிப்பு நீண்டதிலேயே அதில் பெரும்பகுதி கரைந்துவிட்டது. மேலும் 2024-ல் ஆள் எடுப்பு மெதுவானபோது, குறைந்தபட்ச மணி நேரம் வைத்திருந்தவர்கள்தான் வாசலில் நின்றார்கள். சீக்கிரம் தகுதி பெறுவதும் சீக்கிரம் வேலை கிடைப்பதும் ஒன்றல்ல.

இந்தச் சலுகைக்கு, வெளியே தெரியாதபோதும் கருவிகளைப் பார்த்துப் பறக்கும் தகுதியான இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங்கும், சம்பளத்துக்குப் பறக்க வேண்டிய கமர்ஷியல் உரிமமும் அந்தக் கல்லூரியின் பார்ட் 141 பயிற்சியிலோ அதனோடு ஒப்பந்தம் உள்ள பள்ளியிலோ முடித்திருக்க வேண்டும். பிரைவேட் உரிமத்துக்கு அந்தக் கட்டாயம் இல்லை. அதனால் பதினேழு வயதில், வீட்டுக்கு அருகில் உள்ள சிறு விமான நிலையத்தில், பள்ளிக் கோடை விடுமுறையில் வாரம் நான்கு நாள் பறந்து பிரைவேட் உரிமத்தோடு கல்லூரிக்குள் நுழைய முடிந்தால் நுழையுங்கள். ஏற்றுக்கொள்வார்களா, மறுபடி ஏதாவது பாடம் எடுக்கச் சொல்வார்களா என்று முதலிலேயே கேட்டுவிட வேண்டும். அவ்வளவு பணம் இப்போது இல்லை என்றால், விமான ஆர்வலர்களின் இஏஏ அமைப்பு நடத்தும் யங் ஈகிள்ஸ் திட்டத்தில் 8 முதல் 17 வயது வரை இலவசமாக ஒரு பறப்பு கிடைக்கும். குமட்டுகிறதா, பயமாக இருக்கிறதா என்பதாவது தெரிந்துவிடும்.

பட்டம் இருப்பது நல்லது, ஆனால் அது விமானப் பட்டமாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. டெல்டா 2022 ஜனவரியிலேயே நான்காண்டுப் பட்டத்தைக் கட்டாயம் என்பதிலிருந்து விரும்பத்தக்கது என்று தளர்த்திவிட்டது. முப்பத்தைந்து வயதில் ஒரு மருத்துவப் பரிசோதனையில் கண்ணோ இதயமோ கைவிட்டால், விமானப் பட்டத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று அம்மா அன்றே கேட்டாள். விமானக் கல்லூரிகளின் வண்ணத் தாள் எதிலும் இல்லாத நல்ல கேள்வி அது.

ஊரின் வானிலையையும் பாருங்கள். வடக்கு டகோடாவின் கிராண்ட் ஃபோர்க்ஸில் குளிர்காலம் எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. புளோரிடாவின் டேடோனா பீச்சில் கோடைப் பிற்பகல்களை இடிமழை எடுத்துக்கொள்ளும். இரண்டு இடத்திலும் பெரிய, நல்ல பயிற்சித் திட்டங்கள் நடக்கின்றன. எங்கே சேர்ந்தாலும் அந்த ஊரின் மோசமான பருவத்தில் வகுப்புச் சுமையைக் கூட்டி, நல்ல பருவத்தில் பறப்பை நெருக்கமாக வைத்துக்கொள்ளுங்கள். நான் இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங்கை வகுப்புகள் இல்லாத கோடையில் வளாகத்திலேயே தங்கி முடித்தேன். என் பயிற்சியில் கட்டணத் தாளின் தொகைக்குள் அடங்கிய ஒரே பகுதி அதுதான்.

கடனைப் பற்றி. பெற்றோரைச் சார்ந்த மாணவருக்கு மத்திய அரசின் நேரடிக் கடன் முதலாண்டு 5,500 டாலர், அடுத்து 6,500, பிறகு ஆண்டுக்கு 7,500. பறப்புக் கட்டணத்துக்கு இது எந்த மூலைக்கு? மிச்சத்தைப் பெற்றோர் பெயரில் பேரண்ட் பிளஸ் கடனாக வாங்கினோம். 2026 ஜூலை முதல் புதிதாக வாங்குபவர்களுக்கு அதிலும் ஒரு மாணவருக்கு ஆண்டுக்கு 20,000, மொத்தம் 65,000 டாலர் என்ற வரம்பு வந்துவிட்டது. அதற்கு மேல் தனியார் கடன்தான், பெற்றோரின் உத்தரவாதக் கையெழுத்தோடு. எனவே கட்டணத் தாளின் தொகையோடு மூன்றில் ஒரு பங்கைக் கூட்டி, அதைத் தாங்க முடியுமா என்று பாருங்கள். பாதிப் பயிற்சியில் பணம் தீர்ந்து நிற்பதுதான் இந்தத் துறையில் மிக மோசமான நிலைமை. கடன் முழுதாக இருக்கும், உரிமம் இருக்காது.

ஏற்கெனவே சேர்ந்துவிட்டு, இடம் சரியில்லை என்று உணர்பவர்களுக்கு: உரிமம் கைக்கு வந்துவிட்டால் அது உங்களுடையது, எங்கே போனாலும் செல்லும். ஆனால் ஒரு பாடத்தின் நடுவில் இன்னொரு பார்ட் 141 பள்ளிக்கு மாறினால் அந்தப் பாடத்தில் அதிகபட்சம் பாதி வரைதான் கணக்கில் எடுத்துக்கொள்வார்கள். பார்ட் 61-க்கு மாறினால் லாக்புக்கில் உள்ள பறப்பு நேரம் செல்லும். ஆகவே உரிமங்களின் எல்லையில் வெளியேறுங்கள், நடுவழியில் அல்ல. கேட்டால் பயிற்சிப் பதிவேடுகளின் நகலைத் தர வேண்டியது பள்ளியின் கடமை, வாங்காமல் வராதீர்கள். என் அறைத்தோழி பிரைவேட் உரிமம் முடித்ததும் அதே பல்கலைக்கழகத்தில் கணக்கியலுக்கு மாறி, மீதிப் பயிற்சியைத் தன் ஊர் விமான நிலையத்தில் பார்ட் 61-ல் முடித்தாள். கமர்ஷியல் உரிமம் என்னைவிட முன்னதாக அவளுக்கு வந்தது. பறப்புக் கணக்கில் போட்டிருந்த மீதிப் பணம் திரும்பி வரத்தான் ஒரு செமஸ்டர் முழுக்கக் கடிதம் எழுத வேண்டியிருந்தது. அதனால் திருப்பித் தரும் விதியை முதல் தவணைக்கு முன்பே எழுத்தில் வாங்குங்கள். மொத்தமாகப் போட்டால் தள்ளுபடி என்று சொன்னாலும், அடுத்த மாதம் பறப்பதற்கு வேண்டியதை மட்டும் கணக்கில் போடுங்கள்.